கை கழுவும் குழாயும் அகில இந்திய ஒற்றுமையும்

இந்தியாவில் போன்சாய் வளர்ப்பவர்களுக்கு மூன்று அகில இந்திய அமைப்புகள் இருந்தன: பேரவை, சம்மேளனம், மகாசபை. மூன்றும் தங்கள் லெட்டர்பேடில் ‘நாட்டின் ஒரே’ என்று அச்சடித்திருந்தன. ஒன்று கொடுத்த சான்றிதழை இன்னொன்று செல்லாது என்றது. ஒன்றில் முதல் பரிசு வாங்கிய மரம் இன்னொன்றில் வெறும் செடி. இந்த நிலைமையைப் பொறுக்க முடியாமல், மூன்றையும் கலைத்து ஒன்றாக்கியே தீருவது என்று சிதம்பரத்தில் ஒருவர் கிளம்பினார். பெயர் திருநாவுக்கரசு. ஓய்வுபெற்ற சர்வேயர். பேரவை அவருக்கு ‘மூன்றாம் நிலை நடுவர்’ என்ற பட்டம் கொடுத்திருந்தது. மற்ற இரண்டும் அதை ஏற்கவில்லை. ஒருவருக்கு ஒற்றுமை உணர்வு பொங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நாட்டை ஒன்றாக்கக் கிளம்பியவரால் கடலூர் மாவட்டத்தை ஒன்றாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்பு இங்கே ஒரே சங்கம்தான். கடலூரில் நடந்த கண்காட்சியில், கூட்டம் வருவதற்குக் கால்மணி நேரம் முன்பு, சர்வேயர் மேசை மேசையாகப் போய்ப் பார்த்தார். சவரிமேரி அக்காவின் பூவரசு மரத்துக்கு முன்னால் நின்றார். தலையைச் சாய்த்தார். தொட்டியை அரை வட்டம் திருப்பி வைத்துவிட்டு, “இப்பத்தான் நல்லா இருக்குது” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

போன்சாய் தெரியாதவர்களுக்கு இதில் என்ன குற்றம் என்று விளங்காது. ஒவ்வொரு மரத்துக்கும் முன்பக்கம் என்று ஒன்று உண்டு. வளர்ப்பவர் பல வருடம் யோசித்து அதைத் தீர்மானிப்பார். கிளைகளைக் கம்பி சுற்றி வளைப்பதும் வெட்டுவதும் விடுவதும் எல்லாம் அந்தப் பக்கத்தை நினைத்துத்தான். அடுத்தவர் மரத்தைக் கேட்காமல் திருப்பி வைப்பது, அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணை மாற்றி உட்கார வைப்பது போல. சங்கம் அன்று மதியமே உடைந்தது. சர்வேயரோடு சேர்த்து ஐந்து பேர் பிரிந்து போய்ச் சிதம்பரத்தில் தனிச் சங்கம் தொடங்கினார்கள். பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்பதால் சர்வேயரின் மனைவியும் மச்சானும் ஒரே நாளில் போன்சாய் ஆர்வலர்கள் ஆனார்கள். கடலூரில் ஆறு பேர் மிஞ்சினார்கள். ஏழாவது இடம் சில காலம் காலியாகக் கிடந்து, பிறகு நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் என் தலையில் விழுந்தது. இப்போது நான்தான் செயலாளர். என் மரம் செத்து எட்டு மாதமாகிறது. பதவி மட்டும் பசுமையாக இருக்கிறது.

சவரிமேரி அக்கா தேவனாம்பட்டினத்தில் இருக்கிறார். குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் இருபத்தாறு வருடம் தண்ணீர் சோதிக்கிற வேலை. எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது அந்த லேபின் முதல் விதி. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவர் கண்ணில் படுகிற எல்லாத் தண்ணீரையும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறார். பார்க்காமல் மரத்துக்கு ஊற்ற மாட்டார். விருந்துக்குப் போன வீட்டிலும் குழாயடியில்தான் முதலில் நிற்பார்.

அந்தப் பூவரசு, கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அவர் மடியில் விழுந்த காயிலிருந்து முளைத்தது. வயது இருபத்திரண்டு. உயரம் ஒன்றேகால் அடி. சாதாரணப் பூவரசு இலை உள்ளங்கை அகலம் இருக்கும். இந்த மரத்தில் அதை வருடா வருடம் கிள்ளிக் கிள்ளிப் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். பேரவைக்கு விண்ணப்பித்தார், பூவரசெல்லாம் போன்சாய் ஆகாது என்று பதில் வந்தது. சம்மேளனம் பதிலே போடவில்லை. மகாசபை மட்டும் சென்னைக் கண்காட்சியில் ‘பார்வைக்கு மட்டும்’ என்று சீட்டு ஒட்டி, தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்தது. அந்த வருடம் சிலிண்டரைப் பார்த்தவர்கள் எல்லோரும் மரத்தையும் பார்த்தார்கள். அக்காவுக்கு அதுவே பெரிய விஷயம். ஒருநாள் அந்த மரம் மேடையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டாம்.

அதனால்தான் ஒற்றுமை என்ற சொல் அவருக்கு ஆகவில்லை.

போன மார்ச்சில் சர்வேயர், ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் புதிய அமைப்பின் வரைவு விதிகள். எங்கள் தலைவர் அந்தோணிசாமி அண்ணன், மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருந்தார். இணைப்பு மாநாட்டை எந்த ஊரில் நடத்துவது என்று மூன்று அமைப்புகளுக்கும் நான்கு மாதம் சண்டையாம். ஒருத்தர் ஊருக்கு இன்னொருத்தர் வர மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் யாருக்கும் பொறாமை வராத ஊராகச் சிதம்பரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதைச் சர்வேயர் பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் மாவட்டத்தில் இரண்டு சங்கம் இருப்பது தெரிந்தால் மானம் போய்விடும். கடலூர்க்காரர்களும் வரவேற்புக் குழுவில் சேர வேண்டும்.

அக்கா விதிகளைப் படித்தார். ஒன்பதாவது விதியில் நின்றார். இயல்பில் இரண்டு அங்குலத்துக்கு மேல் இலை விடும் இனங்கள் எந்தக் கண்காட்சியிலும் ஏற்கப்படா. அமைப்பு ஒன்றுதான் என்பதால் அது நாடு முழுக்கச் செல்லும்.

சர்வேயர் சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். ஓய்வு பெற்றாலும் அதை அவர் இறக்கி வைக்கவில்லை. மொட்டை மாடிக்குப் போய்ப் பூவரசு இலையை அளந்தார். இரண்டு புள்ளி ஏழு சென்டிமீட்டர். இன்னொன்றையும் அளந்தார். அதுவும் அதேதான். அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்து, உடனே போய்விட்டது.

“இந்த மரம் பாஸுதான் மேடம். ஆனா பூவரசுன்னாலே இலை பெருசு. பசங்க பீப்பீ செஞ்சு ஊதுற இலை. ரூலு இனத்துக்குத்தான், தனி மரத்துக்கு இல்ல.”

“அப்ப மரத்தப் பாக்க மாட்டீங்க சார். அது எந்தச் சாதின்னு பாப்பீங்க.”

சர்வேயர் டீ நன்றாக இருப்பதாகச் சொன்னார். டீ அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. பிறகு, ஒரே சட்டம், ஒரே நடுவர், ஒரே பட்டியல் என்றால் எல்லோருக்கும் நல்லதுதானே என்று கேட்டார்.

“இப்ப மூணு கதவு இருக்குது” என்றார் அக்கா. “ஒருத்தன் மூஞ்சில அடிச்சி சாத்துனா அடுத்த கதவப் போயித் தட்டலாம். நீங்க எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டா நான் எங்க போயித் தட்டுறது?”

சர்வேயர் விதிகளை மடித்துப் பையில் வைத்தார். ஆனால் மாநாட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. பேரம் படிந்தது. கடலூர்ச் சங்கம் வரவேற்புக் குழுவில் சேரும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்புக்கு முன்பு அக்காவுக்கு ஐந்து நிமிடம் பேச நேரம். பேச்சை நான் இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ‘மானுட குல வரலாற்றில்’ என்று ஆரம்பித்திருந்தேன். அக்கா முதல் பக்கத்தை அப்படியே அடித்துவிட்டு, மிச்சத்தை மனப்பாடம் செய்தார்.

மே மாதம் மூன்று நாள் மாநாடு. கிள்ளை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். அறுபத்து நான்கு சங்கங்களுக்கு அழைப்புப் போனது. வந்தவை இருபத்து மூன்று. அக்னி நட்சத்திரத்தில் நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் கேட்கிற மரங்களை விட்டுவிட்டு யார் வருவார்கள்? நாட்டில் போன்சாய்க்காரர்கள் ஒன்றுசேராமல் இருப்பதற்குக் கொள்கை வேறுபாடு காரணமே அல்ல. வந்தவர்களும் அரைமணிக்கு ஒரு தடவை வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் பண்ணினார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ‘தண்ணி ஊத்துனியா’ என்பதை ஆறு மொழிகளில் கேட்டுப் பழகிவிட்டேன். ‘ஊத்திட்டேன்’ என்ற பதிலை யாருமே நம்பவில்லை என்பதும் ஆறு மொழிகளிலும் புரிந்தது.

வரவேற்புக் குழுவின் வேலைப் பங்கீட்டைச் சர்வேயர் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியிருந்தார். மேடை: சிதம்பரம். கண்காட்சி அரங்கு: சிதம்பரம். தண்ணீர்: சிதம்பரம். வாகன நிறுத்தம்: கடலூர். வாகன நிறுத்தத்தில் ஒரு வேனும் மண்டப மேனேஜர் காத்தவராயனின் ஸ்கூட்டியும் இருந்தன. இரண்டையும் நாங்கள் ஏழு பேரும் மிகவும் நன்றாகப் பார்த்துக்கொண்டோம்.

அரங்கில் முப்பத்தொரு மரங்கள். வந்தவர்கள் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. ஜூனிபர், சீன எல்ம், அத்தி, நாற்பது வருடத்துப் புளி. சர்வேயரின் மாதுளையும் நடுவில் இருந்தது. முப்பது வருடம், அவர் கல்யாணத்தைவிட மூத்தது. பூவரசுக்கு அரங்கில் இடமில்லை. ஒன்பதாவது விதி இன்னும் நிறைவேறவில்லை என்றாலும், நிறைவேறப்போகிற விதிக்கு இப்போதே மரியாதை கொடுக்க வேண்டுமாம். அதைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, கை கழுவும் இடத்தில், ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். சாம்பார்க் கையோடு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே கை கழுவினார்கள். சிலிண்டரிலிருந்து வாஷ்பேசினுக்கு வந்தது முன்னேற்றம்தான் என்று அந்தோணிசாமி அண்ணன் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா அந்தக் குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. பூவரசு கடலோர மரம். தேவனாம்பட்டினத்து வீட்டிலும் அது அதே மாதிரித் தண்ணீரைத்தான் குடித்து வளர்ந்தது. தாராளமாக ஊற்றினார். பிறகு ஏதோ தோன்றி அரங்குக்குப் போய், உள்ளே எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று சர்வேயரிடம் கேட்டார்.

“அது எங்க சங்கப் பொறுப்பு மேடம். நீங்க பார்க்கிங்கப் பாருங்க.”

அக்கா பார்க்கிங்கைப் பார்க்க வந்துவிட்டார்.

அந்தச் சங்கத்தின் உபசாரத்தில் குறை சொல்ல முடியாது. வந்த மரங்களுக்கு வாடிவிடக் கூடாது என்று மூன்று மணிக்கு ஒரு தடவை ஊற்றினார்கள். இலைகளுக்கும் பம்பு வைத்துத் தெளித்தார்கள். சர்வேயரின் மச்சான், மாலை போட்டவன் மாதிரி, ஓஸ் பைப்பைத் தோளைவிட்டு இறக்கவே இல்லை. பைப்பை மாட்டியிருந்தது எந்தக் குழாயில் என்று அவர்களில் யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் டவுன்காரர்கள். அவர்கள் வீட்டில் எல்லாக் குழாயிலும் ஒரே தண்ணீர்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அரங்கைத் திறந்தபோது எல்ம் மரங்களின் இலை ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது. மாதுளை தலையைத் தொங்கப் போட்டிருந்தது. புளி, ராத்திரியெல்லாம் கண்விழித்துக் கூட்டம் கேட்டது மாதிரி, மூடிய இலையைத் திறக்கவே இல்லை. ஜூனிபர்கள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஜூனிபர் செத்து ஒரு மாதம் கழித்துத்தான் சொல்லும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றின் சொந்தக்காரர்கள்தான் அதிகம் அழுதார்கள்.

பேரவைத் தலைவர் இது சம்மேளனத்தின் சதி என்றார். சம்மேளனத் தலைவர் வேனை வரச் சொன்னார். மகாசபையின் தலைவி, வெள்ளைத் தலைமுடி, பேண்ட் போட்ட பெரியம்மா, தன் எல்ம் மரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சர்வேயர் எங்களைப் பார்த்தார். ஏழு பேரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். கடலூர்க்காரர்கள் ராத்திரி வந்து எதையோ கலந்துவிட்டார்கள் என்று அவர் இங்கிலீஷில் சொன்னார். அது மூன்று மொழிகளில் பெயர்க்கப்பட்டு அரங்கைச் சுற்றி வந்தது. சுற்றி முடிப்பதற்குள் நாங்கள் கலந்தது ஆசிட் ஆகிவிட்டது. குடிகாடு பக்கத்தில்தானே, அங்கே கம்பெனி இருக்கிறதே என்றும் ஒருவர் சேர்த்துக்கொண்டார்.

அக்கா நேராகப் போய், மச்சானின் தோளிலிருந்த பைப்பை எடுத்து, நுனியில் நின்ற சொட்டை நாக்கில் வைத்தார்.

“இது கை கழுவுற குழாத் தண்ணி.”

காத்தவராயன் எட்டிப் பார்த்தார். ஆமாம் என்றார். நல்ல தண்ணீர் சமையல்கட்டில் மட்டும்தான் வரும், இந்த ரோட்டில் எந்த மண்டபத்திலும் அப்படித்தான், இதைப் போய் யாராவது தனியாகச் சொல்லுவார்களா என்று கேட்டார். மச்சான் பைப்பை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். சர்வேயர் தன் மாதுளையைப் பார்த்தார். முப்பது வருடம் நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவர். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கவில்லை.

வேன் வந்து நின்றது. பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். அந்தோணிசாமி அண்ணன் அக்காவின் காதருகில் குனிந்தார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

“விட்டுடு மேரி. கூட்டம் தானாக் கலஞ்சிடும். ஒன்பதாவது ரூலும் போயிடும். ஒன் மூணு கதவும் அப்டியே இருக்கும். நீ பேசக்கூட வேணாம்.”

அக்கா பையில் கைவிட்டு என்னுடைய பேச்சுத் தாளைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு வேண்டியது அத்தனையும் வேனில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு அந்த எல்ம் மரத்தைப் பார்த்தார்.

“மரம் என்னாண்ணா பண்ணுச்சி?” என்றார்.

கம்பெனியில் ஷிப்டு போடுகிற குரலில், எல்லாத் தொட்டியையும் வெளியே நிழலுக்குக் கொண்டுவரச் சொன்னார். விசிறிக்காற்று படக் கூடாது. நல்ல தண்ணீரை மேலே ஊற்றி, அடியில் இருக்கிற ஓட்டை வழியாக ஓட விட வேண்டும். உப்பு கரைந்து வெளியே வருகிற வரைக்கும் ஊற்ற வேண்டும். இலைகளைக் கழுவ வேண்டும். நான் அதை இங்கிலீஷில் கத்தினேன். வேனில் ஏறியவர்கள் இறங்கினார்கள்.

நல்ல தண்ணீர் சமையல்கட்டுத் தொட்டியில் இருந்தது. அதன் முன்னால் சமையல் அமிர்தம் அம்மா கரண்டியோடு நின்றார். இருநூறு பேர் சாப்பாட்டுக்கு அளந்து வைத்த தண்ணீராம். புவனகிரியிலிருந்து அடுத்த டேங்கர் வர மதியம் ஆகுமாம்.

“சாம்பாரா செடியான்னு சொல்லிடுங்க” என்றார். “ரெண்டும் நம்மளால ஆவாது.”

மூன்று தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செடி என்றார்கள். மூன்று அமைப்புகளும் ஒரே விஷயத்துக்கு ஒரே பதில் சொன்னது அதுதான் முதல் தடவை என்று எங்கள் சங்கத் தீர்மானப் புத்தகத்தில் நேரத்தோடு குறித்துக்கொண்டேன். எட்டு மணி பத்து நிமிடம்.

சமையல்கட்டிலிருந்து பின்புறப் புங்க மரம் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பேரவைக்குப் பக்கத்தில் சம்மேளனம், சம்மேளனத்துக்குப் பக்கத்தில் மகாசபை. குடம் கை மாறிக் கை மாறி வந்தது. வரிசையில் யார் முதலில் நிற்பது என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் நின்றால் நிழல். அக்கா தரையில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் விரலை நீட்டி, ஒழுகுகிற தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

“கரிக்குது. இன்னொரு கொடம்.”

முப்பத்தொரு தொட்டி. பத்தாவது தொட்டியில் அவர் நாக்கு மரத்துப் போய்விட்டது. எல்லாமே கரிக்கிற மாதிரி இருக்கிறது, வேறு யாராவது வாருங்கள் என்றார். எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். மண்ணும் எருவும் கலந்து வருகிற தண்ணீர் அது. சர்வேயர் முன்னே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, தன் மாதுளையை விட்டுவிட்டு, வரிசைப்படி பதினோராவது தொட்டிக்கு அடியில் விரலை வைத்தார். வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

“கரிக்குது மேடம்.”

அதற்குப் பிறகு மூன்று தலைவர்களும் குந்தினார்கள். பேரவைத் தலைவர் போட்டிருந்த கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பதினாறாவது தொட்டி கரிக்கிறது என்று பேரவை சொன்னது. சம்மேளனம் சோதித்து, கரிக்கிறது என்று வழிமொழிந்தது. மகாசபை தலையாட்டியது. இரண்டு வருடம் ஈமெயில் எழுதி எட்ட முடியாத கருத்தொற்றுமையை அவர்கள் ஒரு புங்க மரத்தடியில் நாக்கை நீட்டிக்கொண்டு எட்டினார்கள்.

பதினொரு மணிக்கு முதல் சுற்று முடிந்தது. டேங்கர் வந்ததும் இரண்டாவது சுற்று. எல்ம் இலைகள் கொட்டின. தலைவியின் முகம் போன போக்கைப் பார்த்து, அக்கா அந்த மரத்தின் கிளையில் நகத்தால் மெல்லச் சுரண்டிக் காட்டினார். பட்டைக்கு அடியில் பச்சை. பெரியம்மா அந்தப் பச்சையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ சொன்னார். நான் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு மணிக்கு மாதுளை தலையைத் தூக்கியது. சர்வேயர் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

மூன்று மணிக்கு எல்லோரும் கை கழுவப் போனார்கள். அங்கேதான் அதைப் பார்த்தார்கள்.

மூன்று நாளாக அதே உப்புத் தண்ணீரைக் குடித்த பூவரசு ஸ்டூலின் மேல் நின்றது. ஒரு இலை வாடவில்லை. உச்சிக்குக் கீழே, நாணயம் அளவு இலைகளுக்கு நடுவில், காலையில் மஞ்சளாக விரிந்து இப்போது சிவக்க ஆரம்பித்திருந்த ஒரு பூ. மரத்தின் இருபத்திரண்டு வருடத்தில் மூன்றாவது பூ. குழாயைத் திறந்தவர்கள் மூடவில்லை. வரிசை நகரவில்லை. பின்னாலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டவர்களும் வந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்கள். இது யார் மரம், இது ஏன் உள்ளே இல்லை என்று மகாசபைத் தலைவி கேட்டார். கேட்டது பேரவைத் தலைவரை. பேரவைத் தலைவர் சர்வேயரைப் பார்த்தார்.

நான்கு மணிக்கு மாநாடு கூடியது. வரைவு விதிகளை எழுதியவர் என்ற முறையில் சர்வேயர்தான் வாசித்தார். எட்டாவது விதி வரைக்கும் வாசித்தார். ஸ்கேலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். ஒன்பதாவது விதியை முன்மொழிந்தவரே திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டு, சவரிமேரி மேடத்துக்குக் கொடுத்த ஐந்து நிமிடம் இப்போது என்றார்.

அக்கா மேடைக்குப் போனார். புடவை முழங்கால் வரைக்கும் ஈரம். பேச்சுத் தாள் குடத்துத் தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது. அவர் தமிழிலேயே பேசினார். மொத்தம் அரை நிமிடம்.

“ஒரு சங்கம் வேணுமான்னா, காலையில வரைக்கும் வேணாம்னுதான் நெனச்சேன். கொடம் தூக்குறதுக்கு ஆள் வேணுங்க. அதுக்கு வேணும். கதவு ஒண்ணாவே இருக்கட்டும். தாப்பா மட்டும் போடாதீங்க.”

நான் இங்கிலீஷில் சொன்னேன். ஒருவர் இந்தியில் சொன்னார், இன்னொருவர் வங்காளத்தில். மொழி போய்ச் சேரச் சேரக் கைதட்டல் தவணை தவணையாக வந்து, கடைசியில் ஒன்றாகி, நிற்காமல் போயிற்று. சமையல்கட்டிலிருந்து அமிர்தம் அம்மா கரண்டியால் அண்டாவைத் தட்டினார். புதிய ஒன்பதாவது விதியைத் தலைவி அங்கேயே சொல்ல, நான் எழுதினேன்: எந்த ஊர் மரமும் எந்த ஊர் மேடைக்கும் வரலாம், வந்த ஊர்த் தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. எதிர்த்து ஒருவரும் இல்லை. கோட்டை வாங்கிக்கொள்ள வந்த பேரவைத் தலைவர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார், ஒன்றைத்தான் எண்ணினேன்.

அதற்குப் பிறகு குரூப் போட்டோ. மேடை நடுவில் இருந்த நாற்காலியை எடுத்துவிட்டு மேசை போட்டார்கள். சர்வேயர் யாரையும் விடாமல் தானே போய்ப் பூவரசைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேடைப் படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினார். மேசை வரைக்கும் வந்தவர், தொட்டியைக் கீழே வைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“எந்தப் பக்கம் முகம்? நீங்களே சொல்லுங்க மேடம்.”

அரங்கில் இருந்த பன்னிரண்டு பதின்மூன்று பேருக்குத்தான் இந்தக் கேள்வியின் வயது ஆறு வருடம் என்று தெரியும். அக்கா மரத்தைப் பார்த்தார், சர்வேயரைப் பார்த்தார்.

“அன்னிக்கி நீங்க திருப்பி வெச்சீங்கல்ல. அந்தப் பக்கந்தான்.”

சர்வேயருக்குப் புரியவில்லை.

“வீட்டுக்குப் போயி ஒரு வாரம் ஒக்காந்து பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. ஆறு வருஷமா அந்தப் பக்கத்துக்குத்தான் கெள வளக்குறேன். ஒங்ககிட்ட வந்து சொல்லுவனா?”

“அப்ப அன்னிக்கி நான் செஞ்சது சரிதான மேடம்?”

“சரிதான். ஆனா கேக்காம செஞ்சீங்க. இன்னிக்கித்தான் கேட்டீங்க.”

சர்வேயர் மரத்தை வைத்தார். கால் இஞ்ச் வலது பக்கம் திருப்பலாமா என்று கேட்டார். அக்கா திருப்பலாம் என்றார். திருப்பினார். மேசை லேசாக ஆடியது. என்னுடைய இங்கிலீஷ் பேச்சின் கூழை உருட்டி ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்தேன், ஆட்டம் நின்றது.

அந்த போட்டோதான் இப்போது புதிய அமைப்பின் லெட்டர்பேடில் இருக்கிறது. நடுவில் பூவரசு, முகம் நேராக, பூ நன்றாகச் சிவந்து. ஒரு பக்கம் அக்கா, ஈரப் புடவையோடு. மறுபக்கம் சர்வேயர். மூன்று தலைவர்களும் ஓரத்தில் பாதி பாதியாகத் தெரிகிறார்கள். நாடு முழுக்கப் போன்சாய்க்காரர்களுக்கு இன்று ஒரே அமைப்புத்தான். கடலூர் மாவட்டத்தில் மட்டும் இரண்டு சங்கம். ஒன்றாக்குவது பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. அவசரம் ஒன்றுமில்லை என்று இரண்டு தரப்பும் ஒரே குரலில் சொல்லிவிட்டன. இப்போது அக்கா ஊருக்குப் போனால் சர்வேயர் வந்து தண்ணீர் ஊற்றுகிறார். சர்வேயர் போனால் அக்கா. ஊற்றுவதற்கு முன்பு இரண்டு பேருமே நாக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். திருப்புவதென்றால் போன் பண்ணுகிறார்கள்.